ஒன்பதில் ஒன்று

அதிகாலை மூன்றே காலுக்குள் மழைமானி
நூற்று முப்பது முறை தட்டியதாகக்
கைப்பேசி சொன்னது.
சாகேத்தில் என் ஜன்னலுக்கு வெளியே
ஒரு சொட்டும் இல்லை.
ஸ்கூட்டரை எடுத்தேன்.

அசோலா தாண்டி, ஆரவல்லியின் தேய்ந்த முதுகில்
எங்கள் மூன்று பாத்திகள்.
இருபத்திரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம்,
நாற்புறமும் தகர வரம்பு.
ஒன்று வெறும் தரை.
ஒன்றில் வேலிகாத்தான். இங்கே அதற்கு விலாயதி கீக்கர்.
நம் பக்கமும் சீமைக்கருவேலம் என்போம்;
வந்தேறி என்பதில் மட்டும்
இரு மொழிக்கும் ஒரே கருத்து.
மூன்றாவதில் சரிவுக்குக் குறுக்கே கல்வரிசை,
கல்லுக்குக் கல் கொழுக்கட்டைப் புல்.

பகவந்தி எனக்கு முன்பே வந்திருந்தாள்.
பீப்பாய் மூடிமேல் உட்கார்ந்து பீடி.
"வெறுந்தரைக்காரன் கழுத்துவரை குடித்திருக்கிறான்" என்றாள்.

பாத்தியின் வாயில் ஒன்பது துளைத் தகடு.
எட்டுத் துளை நீர் பள்ளத்தோடு போகும்.
ஒன்று மட்டும் பீப்பாய்க்கு.
பிறகு ஒன்பதால் பெருக்குவோம்.
பிடித்ததைப் போல் எட்டு மடங்கு
போகவிட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்
என்ன போனது என்று.

அவள் துடுப்பால் அடிவரை கலக்க
வண்டல் உட்காருமுன் ஒரு லிட்டர் மொண்டேன்.
அவளுடைய வானொலியில்
மின்டோ பாலத்தடியில் பேருந்து மூழ்கிய செய்தி.
நீர் நின்றுவிட்டதாம், அங்கே திட்டுகிறார்கள்.
இங்கே நிற்க மாட்டேன் என்கிறது.

அடுப்பில் நூற்றைந்து டிகிரி, ஒரு பகல், ஓர் இரவு.
தட்டில் மிஞ்சியது
விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் தூள்:
ஆறு புள்ளி நான்கு கிராம்.
பெருக்கி, பெருக்கி, பெருக்கினால்
ஹெக்டேருக்கு எண்ணூறு கிலோ.
ஒரே மழைக்கு.

ஒன்பது வயதில் பகவந்தி
இந்த மேட்டுக்குக் கீழே இருக்கும் குழியில்
கழுதைமேல் மணல் ஏற்றியவள்.
சிவப்பு பதர்ப்பூர் மணல்.
"லாரிக்கு இவ்வளவு என்று கூலி.
எவ்வளவு தோண்டினோமோ அவ்வளவு ரொட்டி.
நீ என்னடாவென்றால் இத்தனூண்டு தூளுக்குக்
கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு வைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்."
சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
மூச்சு விட்டால் கடைசி இலக்கம் மாறும்.

ஆகஸ்டில் ஒரு வாரம்
வெறும் தரையின் எண் சரிந்தது.
அதே அளவு மழை, பாதி மண்.
தகரத்தில் ஓட்டையா, துளையில் சருகா,
தராசா, நானா?
எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன்.
பகவந்தி குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

நீல்காய் ஒன்று
தகரத்தைத் தாண்டிக் குறுக்கே நடந்திருக்கிறது.
பதினேழு குளம்படிகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு கை நீர்,
நீர் கொண்டுவந்து போட்ட உமி, எறும்புப் புழுதி,
ஊசிமுனைப் பச்சை.
இதே வளைவில், இதைவிடப் பெரிதாகக் குழி தோண்டத்தான்
மூன்று வருடமாக நிதி கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விதிப்படி அது தரவுக் கேடு.
அந்த வாரத்தை அடித்துவிட வேண்டும்.
வெறும் தரை வெறும் தரையாகவே இருக்க வேண்டும்,
மற்ற இரண்டும் எதைவிட மேல் என்று
சொல்வதற்காக.
"பிடுங்கிவிடு" என்றேன்.

களைக்கொத்தியோடு இறங்கினாள்.
பதினாறு.
பதினேழாவதை
இரண்டு செருப்புக்கும் நடுவே விட்டு நின்றுகொண்டு
"ஆயிற்று" என்றாள்.

எனக்கு எண்ணத் தெரியும்.
அதற்குத்தான் சம்பளம்.
குறிப்பேட்டில் எழுதினேன்:
களை முழுவதும் அகற்றப்பட்டது.

அடுத்த மழைக்கு
வெறும் தரையில் கால் கிராம் குறைந்தது.
பிழை வரம்புக்குள்தான்.